நாற்பத்தேழாம் நம்பர் ஸ்கேல்

மாதேஸ்வரியைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. வயிறு எரிகிறது, அதனால் எழுதுகிறேன்.

மூக்கண்டப்பள்ளியில் வண்டிகளுக்கு உதிரிபாகம் வார்க்கிற கம்பெனி ஒன்றில் அவளும் நானும் ஒரே மேஜையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தோம். வார்த்து வரும் பாகத்தில் ஓட்டை, கீறல், விரிசல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. தப்பு கண்ணில் பட்டால் அதன் பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் போட்டோ எடுக்க வேண்டும். பிறகு பாகத்தின் மேல் சிவப்பு பெயின்ட் பேனாவால் ஒரு பெருக்கல் குறி. ஸ்கேல் இல்லாத போட்டோ செல்லாது. ஆளுக்கு ஒரு ஸ்கேல், அதில் வெட்டிய நம்பர். அவளுடையது நாற்பத்தேழு. அளவுக் கருவி எதுவும் கேட்டைத் தாண்டக் கூடாது, தாண்டினால் வேலை போய்விடும்.

ராயக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்துக்காரி. காவியா என்று எட்டாவது படிக்கிற மகள் ஒருத்தி. மாதேஸ்வரியின் பிடிவாதம் லைன் முழுக்கப் பிரசித்தம். லாரி புறப்படும் நேரத்தில் சூப்பர்வைசர் வந்து, “ஏம்மா, இது ஒண்ணுதானே, விட்டுடும்மா” என்று கெஞ்சுவார். “ரிஜெக்ட்னா ரிஜெக்ட்தாங்க சார்” என்று குறியைப் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பாள். அப்படிப்பட்டவளை ஒன்பது வருடமும் காண்ட்ராக்ட் ஆளாகவே வைத்திருந்தார்கள். அடையாள அட்டையில் காண்ட்ராக்டர் பேர் பெரிதாக இருக்கும், அவள் பேரைத் தேட வேண்டும்.

போன நவம்பரில் கம்பெனிக்குத் திடீரென்று எங்கள் மேல் பாசம் வந்தது. ஏற்காட்டுக்கு ஒரு நாள் டூர். அதுவும் எப்படி? இரவு ஷிப்ட் முடித்த கையோடு, காலை ஆறரைக்கு, தூங்காத கண்ணோடு. பஸ்ஸைக் கம்பெனி வளாகத்துக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்தி, பேனர் முன்னால் எங்களைச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்து, அவசரமாக ஏற்றிவிட்டார்கள். அந்த அவசரத்தில் கேட்டில் சோதனை நடக்கவில்லை.

ஹெச்.ஆர். ஹரீஷ்குமார் பஸ்ஸில் மைக்கைப் பிடித்தார். “மலை மேல பொட்டானிக்கல் கார்டன் போறோம். நல்லா போட்டோ எடுங்க. எது பெஸ்ட்டோ அது நம்ம கம்பெனி காலண்டர்ல வரும். கீழ எடுத்தவங்க பேரும் வரும்.”

மாதேஸ்வரிக்குத் தூக்கம் பறந்துவிட்டது. அங்கிருந்தே மகளுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அச்சில் பேர். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

பூங்காவில் நாங்களெல்லாம் புல்வெளியில் கும்பலாக செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தோம். அவள் மட்டும் ஆர்க்கிட் கூடத்துக்குள் செடி ஒட்டி வளர்ந்த மரத்துண்டு மரத்துண்டாகப் பார்த்துக்கொண்டு போனாள், வார்ப்பைப் பார்க்கிற அதே கண்ணோடு. பாசி பிடித்த ஒரு துண்டின் அடியில் மூக்குத்தி அளவில் ஒரு வெள்ளைப் பூவைக் கண்டுபிடித்தாள். கீழ் இதழில் மட்டும் ஊதா. குனிந்து, மேஜையில் செய்கிற பழக்கத்தில் பேன்ட் பாக்கெட்டில் கைவிட்டாள். நாற்பத்தேழாம் நம்பர் ஸ்கேல் வந்தது.

“அய்யய்யோ, இத எப்படிக்கா கொண்டாந்த?” என்றேன்.

அவளும் அப்போதுதான் கவனித்தாள். முகம் வெளுத்தது. பிறகு என்ன நினைத்தாளோ, “வந்தது வந்துடுச்சு. ஸ்கேல் இல்லாம எடுத்தா எனக்குப் போட்டோ மாதிரியே இருக்காது ஜெயா” என்று பூவின் பக்கத்தில், பட்டும் படாமலும் பிடித்தாள். எட்டு மில்லிமீட்டர். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, எதிரே ஒன்று, எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தபடியே. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பளபளக்கும் இரும்புக் கோடுகளுக்குப் பக்கத்தில் அந்தத் துளிப் பூ அத்தனை கம்பீரமாக நின்றது.

மறுநாள் ஸ்கேல் மேஜைக்குத் திரும்பிவிட்டது. காவியா தேர்ந்தெடுத்துக் கொடுத்த படம் ஹரீஷ்குமாருக்குப் போய்ச் சேர்ந்தது.

ஜனவரியில் காலண்டர் வந்தது. முதல் பக்கமே அந்தப் பூ, அந்த ஸ்கேல். மேலே ‘துல்லியமே எங்கள் இயல்பு’ என்று ஒரு வாசகம். கீழே ‘புகைப்படம்: ஹரீஷ்குமார், மனிதவளத் துறை’.

எனக்கு ரத்தம் கொதித்தது. அவளை இழுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். அவர் நாற்காலியிலிருந்து அசையக்கூட இல்லை.

“காண்ட்ராக்ட் ஆளுங்க பேரெல்லாம் கம்பெனி காலண்டர்ல போட ரூல் இல்லம்மா. யாராவது ஒருத்தர் பேர் போடணுமே, போட்டாச்சு.” பிறகு காலண்டரில் ஸ்கேலின் ஓரத்தில் விரலை வைத்தார். பெரிதாக்கிய படத்தில் 47 பளிச்சென்று தெரிந்தது. “இது எப்படி ஏற்காட்டுக்குப் போச்சுன்னு நான் கேக்கல. நீயும் எதுவும் கேக்காத.”

என்ன திமிர்! திருடியவர் கையில் சாட்டை, பறிகொடுத்தவள் வாயில் பூட்டு.

வெளியே வந்ததும் மாதேஸ்வரி அந்த அறையைத் திரும்பிப் பார்த்தாள். ஹரீஷ்குமார் அவள் ஊர்க்காரர்தான். அவர் அப்பா சின்னராஜ் தோட்டத்தில்தான் இவள் அம்மா நஞ்சம்மா இருபது வருடம் தக்காளி பறித்தார்.

“எங்கம்மா பறிச்ச தக்காளி அவங்க பேர்ல மண்டிக்குப் போச்சு. சரி, அவங்க நிலம்” என்றாள். “இந்தப் பூ யாரு நிலம் ஜெயா?”



பிப்ரவரியில் சென்னையிலிருந்து ஆடிட் வந்தது. எங்களிடம் பாகம் வாங்குகிற பெரிய கம்பெனியின் ஆள், கண்ணாடி போட்ட ஓர் அம்மா. முந்தின நாளே ஹரீஷ்குமார் எங்களை வரிசையாக நிற்கவைத்துப் பாடம் நடத்தியிருந்தார். கருவி எப்போதாவது வெளியே போனதா என்று கேட்டால், இல்லவே இல்லை என்று சொல்ல வேண்டும். பொய்யை ஒப்பிக்கவும் எங்களுக்குப் பயிற்சி உண்டு.

ஆடிட்டர் எங்கள் மேஜைக்கு வந்தார். பின்னால் பிளான்ட் மேனேஜர், அவருக்கும் பின்னால் ஹரீஷ்குமார். ஆடிட்டர் சரியாக அதே கேள்வியைக் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“போச்சுங்க மேடம்” என்றாள் மாதேஸ்வரி. “ஏற்காட்டுக்குப் போச்சு. அதோ சுவத்துல தொங்குது பாருங்க. நம்பர் நாப்பத்தேழு.”

ஆடிட்டர் காலண்டருக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். நம்பரைப் படித்தார், கீழே இருந்த பேரையும் படித்தார். மேனேஜர் திரும்பினார்.

“ஹரீஷ், போட்டோ நீங்க எடுத்தது. அப்போ ஸ்கேலை வெளியே கொண்டு போனதும் நீங்கதானா?”

ஹரீஷ்குமாரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பேரை வைத்துக்கொண்டால் குற்றமும் கூடவே வரும்.

“இல்லீங்க சார். நான் எடுக்கல.”

“வேற யாரு?”

“மாதேஸ்வரி” என்று முணுமுணுத்தார்.

“மெஷின் சத்தத்துல கேக்கலீங்க சார்” என்றாள் அவள்.

“மாதேஸ்வரி! அந்தப் போட்டோவ எடுத்தது மாதேஸ்வரி!”

மொத்த லைனும் கேட்டது. ஆடிட்டர் எழுத்துக்கூட்டிக் கேட்டு அறிக்கையில் எழுதிக்கொண்டார்.

திங்கட்கிழமை அவளைக் கேட்டுக்குள் விடவில்லை. ஹரீஷ்குமார் அதே நாற்காலியில் இருக்கிறார், பொய் சொன்னதற்கு இங்கே தண்டனை கிடையாது. அவள் இரண்டு தெரு தள்ளி வேறொரு கம்பெனியில், மறுபடியும் புது ஆள் கூலியில் சேர்ந்திருக்கிறாள். இதையெல்லாம் நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

போன வாரத்திலிருந்து கம்பெனியில் ஒரு விசாரணை நடக்கிறது. பட்டறையில், கேன்டீனில், ஹெச்.ஆர். அறை வாசலில் என்று மாட்டியிருக்கிற அத்தனை காலண்டரிலும் ஹரீஷ்குமார் பேர் மேல் சிவப்புப் பெருக்கல் குறி விழுந்திருக்கிறது. பக்கத்தில் சரியான பேர். யார் போட்டது என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள்.

நாளைக்கு என் முறை. பெயின்ட் பேனா தீர்ந்துவிட்டது, புதிது வேண்டும் என்று இன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.