தரைக்கப்பல் கடலுக்குப் போன காலை

“மோட்டாரைக் குத்தம் சொல்லாதீங்கய்யா, முதல்ல படகைப் பாருங்க!”

பல் துலக்கும்போது ஒரு தடவை, பட்டறைக் கதவைத் திறக்கும்போது ஒரு தடவை, சோற்றில் கை வைக்கும்போது ஒரு தடவை. படகு மோட்டார் மெக்கானிக் இதைச் சொல்லாத நாளே கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக் கேட்டு அவர் மனைவிக்குக் காது புளித்துப்போய்விட்டது.

ஆள் வேலையில் கெட்டிக்காரர்தான், அதை மறுக்க முடியாது. வெடுக்கென்று கயிற்றை இழுத்தால் மோட்டார் போடும் சத்தத்தை வைத்தே பிளக்கில் கரியா, பெட்ரோலில் தண்ணீரா என்று சொல்லிவிடுவார். தண்ணீரைத் தள்ளும் விசிறியின் ஓரத்தில் நெல்மணி அளவு சிதைந்திருந்தாலும் விரலால் தடவிக் கண்டுபிடித்து அரம் போட்டுவிடுவார். ஆனால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நீல டிரம் அவள் துணி அலச வாங்கியது. அதில்தான் மோட்டார்களை மாட்டி ஓட்டிப் பார்ப்பார். “ஊர்ல எல்லாரும் சேலையில ஜரிகை வச்சுக் கட்டுறாங்க. எனக்கு மட்டும் எண்ணெய் மினுமினுக்குது” என்று அவள் தினமும் பொருமுவாள். அவர் காதில் விழாது. அந்தக் காது மோட்டாருக்கு மட்டும்தான் கேட்கும்.

ஊரில் அவருக்குத் ‘தரைக்கப்பல்’ என்று பெயர். இருபத்திரண்டு வருஷமாகப் படகு மோட்டார் பழுதுபார்க்கிற மனுஷன், படகுத்துறையில் அலையைத் தடுக்கப் போட்ட கல் தடுப்பைத் தாண்டிக் கடலுக்குள் போனதே கிடையாது. ஊஞ்சலில் உட்கார்ந்தாலே குமட்டும். அலையில் எப்படி? மீன்காரர்கள் பட்டறை வாசலில் நின்று, “என்ன தரைக்கப்பல், இன்னைக்கு எந்தத் துறைமுகம்?” என்று கேட்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே அரம் போடுவார்.

சிரிப்பு நின்றது, அவருடைய சொந்தத் தங்கை வந்து நின்றபோதுதான்.

தங்கை புருஷனும் மீன்பிடிக்கிறவர். ஒரு வருஷமாக அவர் படகு ஆமை வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. மீனை ஏற்றிப்போகும் ஐஸ் லாரி காலை பத்து மணிக்குக் கிளம்பிவிடும். மற்றவர்கள் ஒன்பதரைக்கே கரை சேர்ந்துவிடுவார்கள். இவர் வந்து சேரும்போது லாரி போன புழுதிதான் மிச்சம். அந்த வாரத்தில் மட்டும் மூன்று நாள் அப்படி.

“அண்ணே, படகை வித்துட்டு எங்கேயோ சிமென்ட் கிடங்குல காவல் வேலைக்குப் போறாராம். திங்கக்கிழமை படகைப் பாக்க ஆள் வருது” என்றாள் தங்கை. கண்ணில் தண்ணீர் இல்லை, கோபம்தான் இருந்தது. “ரெண்டு பொண்ணுங்களை வச்சுக்கிட்டு நான் இங்க தனியா என்ன செய்யுறது? நீ ஊருக்கெல்லாம் மோட்டார் பாக்குற. உன் தங்கச்சி வீட்டு மோட்டாரைப் பாக்க மாட்டியா?”

“பாக்காமலா? மூணு தடவை பிரிச்சு மாட்டிட்டேன். மோட்டார் குதிரை மாதிரி இருக்கு. நான்தான் சொல்றேன்ல, மோட்டாரைக் குத்தம் சொல்லாதீங்க, முதல்ல…”

“படகைப் பாருங்க! அதானே? நீங்க பாத்தீங்களா?” என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள் மனைவி.

“பாத்தேன். அடிப்பக்கம் பாசியை எல்லாம் சுரண்டச் சொன்னேன். ஓட்டை இல்லை, ஒழுகல் இல்லை. அப்புறம் தண்ணியில ஓட்டியும் பாத்தேன். பறக்குது!”

“எங்க ஓட்டினீங்க?”

“கல் தடுப்புக்கு உள்ளேதான்.”

“படகுல என்ன இருந்துச்சு?”

“ஒண்ணும் இல்லை. சாமானெல்லாம் இறக்கிட்டுத்தான் சோதனை பண்ணணும். அப்பத்தானே மோட்டார் சுத்தமாத் தெரியும்?”

அவள் கரண்டியை அடுப்பு மேடையில் வைத்த சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். “நல்லா இருக்கே நியாயம்! காலிப் பையைத் தூக்கிப் பாத்துட்டு, மளிகை வாங்கிட்டு வந்தவ கை வலிக்குதுன்னா பொய்யிங்கறீங்க. வலை, ஐஸ், ஆளு எல்லாத்தோடயும் ஒரு நாள் கூடப் போய்ப் பாத்தீங்களா?”

“எனக்குத்தான் ஒத்துக்காதே…”

“ஒத்துக்காதா? உங்க தங்கச்சி குடும்பம் ரெண்டா பிரியப்போகுது. ஒரு நாள் வாந்தி எடுத்தா குடல் வெளிய வந்துடாது. நாளைக்குப் போறோம். நானும் வர்றேன்.”

“நீ எதுக்கு?”

“தண்ணியில விழுந்தா சட்டையைப் பிடிக்க ஆள் வேணாமா?”

மறுநாள் விடிந்ததும் படகுத்துறையில் ஒரே கூத்து. “தரைக்கப்பல் இறங்குதுடோய்!” என்று யாரோ கத்த, வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் எழுந்து நின்று பார்த்தார்கள். மெக்கானிக் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பையில் அரை டஜன் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். மோட்டாருக்குப் பக்கத்தில், அதன் மூடிமேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தார். மனைவி பின்னாலேயே இருந்த ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்தாள். தங்கை புருஷன் மோட்டார் கைப்பிடியைப் பிடித்திருந்தார்.

“மாப்ளே, வழக்கமா எப்படி எடுத்துட்டுப் போவீங்களோ, அப்படியே எடுங்க. ஒண்ணையும் மாத்த வேணாம்.”

“சரி மச்சான்.”

கல் தடுப்பைத் தாண்டியதும் முழு வேகம் கொடுத்தார். மோட்டார் அலறியது. படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது. பின்பக்கம் தண்ணீருக்குள் அமுங்கி, பெரிய பள்ளம் தோண்டிக்கொண்டு, சேற்றில் மாட்டிய எருமை மாதிரி முக்கி முனகி நகர்ந்தது. பின்னால் கிளம்பிய இரண்டு படகுகள் இவர்களைத் தாண்டிப் போயின. அவற்றில் ஒன்றிலிருந்து ஒருவன் கையாட்டி, “வர்றப்ப சாயங்காலம் ஆயிடுமா?” என்று கேட்டுவிட்டுப் போனான்.

மெக்கானிக் காதை மோட்டாரோடு ஒட்டிவைத்துக் கேட்டார். “சத்தம் சரியாத்தான் இருக்கு. தண்ணி பீச்சியடிக்குது, சூடு இல்லை. மோட்டாரைக் குத்தம்…” என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. எலுமிச்சம்பழத்தைக் கடித்தார், தோலோடு.

“அந்தப் புகையை மோந்துக்கிட்டு உட்காந்திருந்தா குமட்டாம என்ன செய்யும்? எந்திரிங்க, முன்னாடி காத்துப் பக்கம் போங்க” என்று அவள் அதட்டினாள். அவர் தவழ்ந்து தவழ்ந்து படகின் முனைக்குப் போனார். அவள் பின்னாலேயே குனிந்து போய் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். அவர் பக்கவாட்டில் தலையை நீட்டி, முந்தின நாள் ராத்திரி சாப்பிட்டதிலிருந்து கணக்கு ஒப்படைக்கத் தொடங்கினார்.

அப்போதுதான் அது நடந்தது. மூக்கு கீழே இறங்கியது. படகு ஒரு குலுக்குக் குலுக்கி, தண்ணீருக்கு மேலே எழும்பி, வழுக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. காற்று அவள் தலைமுடியைப் பிய்த்தது.

“என்ன பண்ணீங்க? என்ன பண்ணீங்க?” என்று பின்னாலிருந்து தங்கை புருஷன் கத்தினார். “மச்சான், நிறுத்திடாதீங்க! வாந்தி எடுத்துக்கிட்டே இருங்க!”

“உங்க வாயில வசம்பை வைக்க!” என்றாள் அவள். ஆனால் அவளுக்குப் புரிந்துவிட்டது: இரண்டு ஆள் பாரம் முன்னாடி வந்ததும்தான் படகு எழும்பியிருக்கிறது. சட்டையை விடாமல் திரும்பிப் பின்பக்கம் பார்த்தாள். ஐஸ் பெட்டி, பெட்ரோல் கேன், நங்கூரம், ஈர வலை, பேட்டரி, குடிதண்ணீர் எல்லாமே மோட்டாரைச் சுற்றிக் கைக்கெட்டும் தூரத்தில் குவிந்து கிடந்தன. இவ்வளவு பெரிய படகில் முன்பாதியில் இருந்தது இவர்கள் இரண்டு பேரும் ஒரு காலி வாளியும்தான்.

“தம்பி, குடித்தனத்தையே ஒரு மூலையில வச்சிருக்கீங்களே, ஏன்? முன்னாடி இடமில்லையா?”

தங்கை புருஷன் வேகத்தைக் குறைத்தார். முட்டியைத் தடவிக்கொண்டார். “முட்டி வலி, அக்கா. ஒரு வருஷம் ஆச்சு. படகு ஆடுறப்ப எந்திரிச்சு முன்னாடி போய் எடுக்க முடியலை. அதான் எல்லாத்தையும் பக்கத்துலயே…”

“உங்க பொண்டாட்டிக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா கடலுக்கு விட மாட்டா.”

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு பேரையும் தண்ணீரில் தள்ளிவிட்டு நீந்தியே வீட்டுக்குப் போய்விடலாம் போலிருந்தது. முட்டி வலியை மறைக்கத் தெரிந்தவருக்குப் படகை விற்கிறேன் என்று சொல்லத் தெரிகிறது. படகைப் பார் படகைப் பார் என்று தினம் மூன்று வேளை ஓதுகிறவர், சாமானையெல்லாம் இறக்கிவைத்துவிட்டுப் படகைப் பார்த்திருக்கிறார்.

மெக்கானிக் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது. ஆனால் மூளை ஓட ஆரம்பித்துவிட்டது தெரிந்தது. நடுக்கடலிலேயே ஐஸ் பெட்டியை அவளும் அவரும் இழுத்து நடுவுக்கும் முன்னாடிக்கும் இடையில் வைத்தார்கள். நங்கூரம் முனைக்குப் போனது. வலை நடுவில். மோட்டாரின் சாய்வைக் கூட்டிக் குறைக்கும் ஆணியை ஒரு துளை தள்ளிச் செருகினார், அதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்தார். திரும்பி வரும்போது, காலையில் கையாட்டியவனை இவர்கள் தாண்டினார்கள். அவள் பதிலுக்குக் கையாட்டினாள். நன்றாகவே ஆட்டினாள்.

கரையேறிய கையோடு தங்கை புருஷனின் முட்டி விஷயம் தங்கை காதுக்குப் போய்ச் சேர்ந்தது. கொண்டுபோய்ச் சேர்த்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்குச் சாயங்காலம் அவரை வைத்தியரிடம் இழுத்துப் போனார்கள். அதே நேரத்தில் மெக்கானிக் பெட்ரோல் கேனை நடுவில் வைக்க நீளமான குழாய் போட்டார். மோட்டார் கைப்பிடிக்கு ஒரு பிளாஸ்டிக் பைப்பை மாட்டி நீட்டிவிட்டார். இனி தங்கை புருஷன் படகின் நடுப்பக்கமாக உட்கார்ந்தே ஓட்டலாம், அடிக்கடி எழுந்திருக்க வேண்டாம்.

திங்கட்கிழமை படகைப் பார்க்க வந்த ஆள் காலை பத்து மணி வரை காத்திருந்துவிட்டுத் திரும்பிப் போனார். படகு ஒன்பதரைக்கே வந்துவிட்டது. தங்கை புருஷன்தான் ஐஸ் லாரிக்காரனோடு நின்று கதை பேசிக்கொண்டிருந்தார், விற்க வேண்டிய பேச்சையே எடுக்கவில்லை.

மெக்கானிக் திருந்திவிட்டாரா என்றால், பாதி. அந்த வாக்கியம் போகவில்லை, தினமும் வருகிறது. ஆனால் யார் படகு மந்தமென்று வந்தாலும் இப்போது சாமானை இறக்கச் சொல்வதில்லை. “அப்படியே வை, வர்றேன்” என்று எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். வீடு திரும்பும்போது இரண்டு சட்டை துவைக்கக் கிடக்கும். டிரம்மில் எண்ணெய் வேறு.

உங்கள் படகும் மூக்கைத் தூக்கிக்கொண்டு முக்கினால், பெரிய மோட்டாருக்கு அலையாமல் ஐஸ் கிடங்குக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தகரக் கூரைப் பட்டறைக்கு ஒரு நடை போய் அவரைப் பாருங்கள். சாமானோடு, ஆளோடு படகை அப்படியே கொண்டுபோங்கள். அவர் ஏறினால் முன்னாடி உட்கார வையுங்கள். போகும்போது அவர் வீட்டுக்காரிக்கு ஒரு புது டிரம் வாங்கிப் போனால் இன்னும் நல்லது.