கடை வாசலில் நின்றதால் தப்பினேன்

நான் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் ஒரு கழகத்துக்காகத் துப்பாக்கிச் சுடும் போட்டிகளில் கலந்துகொள்பவன். என் கைத்துப்பாக்கியில் செருகும் மகசின், அதாவது தோட்டாக் கூடு, ஒவ்வொன்றும் பதினேழு தோட்டா கொள்ளும். கைத்துப்பாக்கிக்கு அது சட்டப்படி சரி. ரைபிள் போட்டிக்கும் ஆசைப்பட்டு, அதே மகசின் பொருந்தும் ரைபிள் ஒன்றை வாங்கப் போனேன்.

கடை வாசலில் நின்று, என்னோடு சுடும் மன்னார் றெஜி அண்ணைக்குப் போன் எடுத்துப் பெருமையடித்தேன்.

“டேய், றைபிளைக் கையிலை வாங்கிட்டியோ?”

“இல்லை அண்ணை, வாசலிலை நிக்கிறன்.”

“அப்பிடியே நில். றைபிள் மகசினுக்குச் சட்டப்படி பத்துத் தோட்டாதான். அதை வாங்கினால் உன்ரை பழைய மகசினும் றைபிள் மகசின் எண்டுதான் கணக்கு. தடைசெய்த சாமான். லைசென்ஸ் முழுக்கப் போகும், விசரா!”

“நான் அதை றைபிளிலை போடவே மாட்டன் அண்ணை!”

“போடத் தேவையில்லை. ரெண்டும் உன்னட்டை இருந்தாலே காணும், குற்றந்தான்.”

உள்ளே போய்க் கேட்டேன். கடைக்காரரும் ஆமாம் என்றார். நான் கேட்கவில்லையாம், அதனால் சொல்லவில்லையாம்! பூட்டிய அலுமாரிக்குள் சும்மா கிடக்கும் பொருள், நான் வேறொன்றை வாங்கியதும் குற்றமாகிறது. இது என்ன சட்டம்? பழைய மகசின்கள் எல்லாவற்றையும் வீட்டிலிருந்து கொண்டுவந்து அவரிடம் ஒப்படைத்த பிறகே ரைபிளைத் தொட்டேன்.

இப்போது கைத்துப்பாக்கிப் போட்டியிலும் எனக்குப் பத்துத் தோட்டா மகசின்தான். மற்றவர்கள் சுட்டுக்கொண்டே ஓட, நான் நடுவில் மகசின் மாற்றுகிறேன். ரைபிளை விற்றால் அந்தப் போட்டி இல்லை. வைத்திருந்தால் இந்தப் போட்டியில் தோல்வி.

இனி எதை வாங்கினாலும், வீட்டில் இருப்பதை அது குற்றமாக்குமா என்று அதிகாரிகளிடம் எழுத்தில் கேட்கிறேன். பதில் வரும்வரை கடை வாசலைக்கூட மிதிப்பதில்லை.