பாலத்தின் ஐந்தாவது கண்

பிளீச்சிங் வாசனை போகாத பேண்டேஜ் அட்டைப்பெட்டி... அதன் மூடியைக் கிழித்து, அதில்தான் நான் படம் வரைவேன்.

அப்போது ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் சேல்ஸ்மேன். மொபெட்டில் சரக்கைக் கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் மெடிக்கல் கடைகளுக்குப் போக வேண்டும். வழியில் ஓடைக்கு மேலே வெள்ளைக்காரன் காலத்துக் கல்பாலம். அதன் வளைவுகளை எங்கள் பக்கம் கண் என்பார்கள்.

ஒருநாள் காலையில் ஆசை தாங்காமல் வண்டியை நிறுத்தி, கரையில் உட்கார்ந்துவிட்டேன். பென்சிலை நீட்டிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடி, ஒவ்வொரு வளைவாக அளவு பார்த்தேன். அதுதான் வினை.

"யாருலே நீ? எந்திரி!"

பக்கத்துக் கத்தரித் தோட்டத்துக்காரி, பேச்சியக்கா. என் வண்டிச் சாவி அவள் கையில் இருந்தது.

"போன தடவையும் ஒருத்தன் இப்பிடித்தான் ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு அளந்தான். ரோட்டுக்குன்னு பாதித் தோட்டம் போச்சு. இன்னும் எம்புட்டுலே வேணும்?"

"அக்கா, நான் சும்மா படம் வரையிறேன். பேண்டேஜ் விக்கிறவன்."

"பேண்டேஜ் விக்கிறவனுக்குப் பாலத்துல என்ன சோலி? அதுக்கு என்ன காயமா பட்டிருக்கு?"

அதற்குள் மண்வெட்டியோடு நாலு பேர் கூடிவிட்டார்கள். எனக்கு வேர்த்துக் கொட்டியது. ஆனால் அவள் சாவியை இறுக்கிப் பிடித்தபடி தோட்டத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்ததையும் கவனித்தேன். மிச்சமிருந்த அந்தப் பாதித் தோட்டம்தான் அவளுக்கு எல்லாமே.

அட்டையை நீட்டினேன். விரல் வைத்து எண்ணினாள். பாலத்தை நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி எண்ணினாள்.

"அஞ்சு கண்ணுல்ல இருக்கு? இதுல நாலுதான இருக்கு?"

ஐந்தாவது கண், அவள் தோட்டத்தை ஒட்டி, கருவேல முள்ளுக்குள் மறைந்து கிடந்தது. உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"முள்ளு வரைய வரலக்கா... அதான் விட்டுட்டேன்."

அவள் குபீரென்று சிரித்துவிட்டாள்.

"அளக்க வந்தவன் ஒரு கண்ண விட்டுட்டா போவான்? இவன் அந்தச் சோலிக்கு ஆவ மாட்டான். நீங்க போயி வேலயப் பாருங்கப்பா."

சாவியோடு மடி நிறையக் கத்தரிக்காயும் கொடுத்தாள்.

"அந்தக் கண்ணுக்குள்ளதாம்லே எங்க ஆடு நிக்கும். அடுத்த வாட்டி அதையும் போடு."

அடுத்த வாட்டி வரவே இல்லை. சொந்தமாகப் பேண்டேஜ் யூனிட் போட்டேன். கார் வந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்தப் பாலத்தில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், இறங்கியதில்லை.

போன மாதம் அங்கே கல்லில் சிவப்பு பெயின்ட்டில் நம்பர் போட்டிருந்ததைப் பார்த்ததும் கார்க் கண்ணாடியை இறக்கினேன். விசாரித்தால், ரோட்டை அகலப்படுத்துகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை பேப்பர் பென்சிலோடு போய் இறங்கினேன்.

வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தாள் பேச்சியக்கா. தலை முழுக்க வெள்ளை. என்னை அடையாளம் தெரியவில்லை. பென்சிலை நீட்டி ஒற்றைக் கண்ணை மூடினேன்.

"ஏலே... பேண்டேஜு!"

"தோட்டம் என்னக்கா ஆச்சு?"

"நெசமாவே அளக்க வந்தாவய்யா. ரெண்டு மாசம் ஒறக்கமே இல்ல. கடைசியில புதுப் பாலம் அந்தப் பக்கமா போவுதாம். இது இப்பிடியே கெடக்குமாம்."

அப்பாடா என்று கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கு அட்டையும் அவசரமும்தான் இருந்தன. இன்றைக்கு நல்ல பேப்பர் இருக்கிறது, நேரம் இருக்கிறது, முள்ளையும் வெட்டிவிட்டார்கள்... கைக்குத்தான் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது. ஐந்தாவது கண்ணிலிருந்தே ஆரம்பித்தேன்.

முடித்துக் காட்டினேன். விரல் வைத்து எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"அஞ்சும் சரி. ஆடு எங்கலே?"