நான் அடித்துவிட்ட பெயர்

போன செப்டம்பரில் ஒரு மாலை, நம் சபையின் புயல் நிவாரண நோட்டிலிருந்து ஒரு பெயரைச் சிவப்புப் பேனாவால் அடித்தேன். முப்பத்தெட்டாவது பெயர். அஞ்சலை, வயது அறுபத்து நான்கு, சர்க்கரை நோயால் இடது கால் எடுக்கப்பட்டவர், தூக்கித்தான் கொண்டுவர வேண்டும். அடித்த கோட்டுக்குப் பக்கத்தில் ‘குடிபெயர்ந்தார்’ என்று எழுதினேன். கையெழுத்து தெளிவாக இருந்தது. தகவல்தான் தப்பு.

அன்பான சபையாரே, சாட்சி சொல்லும்படி என்னைப் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். நான் மறுத்தே வந்திருக்கிறேன். முப்பத்தொரு வருடம் ஒரு தமிழ் நாளிதழில் பிழை திருத்துபவளாகவும் பிறகு துணை ஆசிரியராகவும் இருந்தவள் நான். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். மற்றவர்கள் இங்கே எழுந்து நின்று சாட்சி சொல்லும்போது, மனதுக்குள் பேனாவை எடுத்துவிடுவேன். இதை யார் பார்த்தது, எத்தனை மணிக்கு, வேறு யாரிடமாவது விசாரித்தார்களா. இன்று நான் சொல்லப்போவதையும் அப்படியே விசாரித்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை.

நம் குழுவின் வேலை உங்களுக்குத் தெரியும். மழைக்காலத்துக்கு முன்பே அடையாற்றங்கரைக் குடியிருப்பில் வீடு வீடாகப் போவோம். தானாக நடந்து வெளியேற முடியாதவர்களை எழுதிக்கொள்வோம். நிறைமாதக் கர்ப்பிணிகள், படுக்கையில் இருப்பவர்கள், டயாலிசிஸ் போகிறவர்கள். புயல் எச்சரிக்கை வந்ததும், தண்ணீர் நுழைவதற்கு முன்னால் இரண்டு இரண்டு பேராகப் போய் அவர்களை மந்தைவெளியில் நம் பள்ளிக்கூட ஹாலுக்குக் கொண்டுவருவோம். அந்த நோட்டு என் பொறுப்பு. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அஞ்சலையின் வீடு கடைசிச் சந்தில் இருக்கிறது. செப்டம்பரில் நான் போனபோது வெளியே பூட்டு தொங்கியது. பக்கத்து வீட்டு வாசலில் யாரோ ஒருவர் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “அவங்களுக்கு வேற வீடு குடுத்தாச்சும்மா. போய்ட்டாங்க” என்றார். நகருக்கு வெளியே கட்டியிருக்கும் அடுக்குமாடிகளுக்கு அந்த வருடம் பலரை அனுப்பியிருந்தார்கள். அதனால் நம்பும்படி இருந்தது. பத்திரிகையில் இருந்தபோது, ஒருவர் வாயால் மட்டும் வந்த செய்தியை நான் அச்சுக்கு விட்டதில்லை. அன்று எனக்குக் கால் வலித்தது. இருட்டிக்கொண்டு வந்தது. கதவைத் தட்டிப் பார்க்கவில்லை, கூப்பிட்டுப் பார்க்கவும் இல்லை. பேனாவை எடுத்தேன்.

நவம்பர் கடைசி வாரம், சனிக்கிழமை. மாலையில் புயல் கரையைக் கடக்கும் என்று சொல்லியிருந்தார்கள். காலை ஆறு மணிக்கு ஆலய வாசலில் குழுக்களை அனுப்பினோம். ஆயர் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டிருந்ததால், “நீங்களே ஒரு வார்த்தை ஜெபம் பண்ணுங்கம்மா” என்றார். குடை காற்றில் திரும்பிக்கொண்டது. நான் அவசரமாக, “ஆண்டவரே, யாரும் விட்டுப்போகக் கூடாது, ஆமென்” என்றேன். அவ்வளவுதான் ஜெபம்.

பதினோரு மணிக்குள் பட்டியலில் இருந்த எல்லோரும் ஹாலுக்கு வந்துவிட்டார்கள். ஒவ்வொரு பெயருக்கும் டிக் போட்டேன். ஒன்றும் பாக்கியில்லை என்று ஆயரிடம் போய்ச் சொன்னேன். யாராவது பாராட்டினால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பன்னிரண்டு மணிக்குப் பெயர் ஜெபம். பட்டியலில் உள்ள ஒவ்வொருவர் பெயரையும் சத்தமாக வாசித்து ஜெபிக்கும் வழக்கம் நம் சபையில் இருக்கிறது. எனக்கு அதில் பிரியம் கிடையாது. அந்த நேரத்தில் ட்ரம்களில் குடிதண்ணீர் பிடித்து வைக்கலாம் என்பது என் கட்சி. முந்தின வருடம் ஆயரிடம் கேட்டேவிட்டேன். “கர்த்தருக்குப் பட்டியல் வேணுமா, ஐயா?” அவர் சிரித்துவிட்டு, “அவருக்கு வேண்டாம்மா. நமக்குத்தான்” என்றார்.

அன்று வாசிக்கும் முறை எனக்கு வந்தது. அடித்த பெயர்களை நீக்கிக் கம்ப்யூட்டரில் டைப் செய்து எடுத்த தாள்கள் குழுக்களோடு மழையில் போய், மை கரைந்து வந்திருந்தன. மின்சாரம் ஒன்பது மணிக்கே போய்விட்டது. வேறு வழியில்லாமல் என் கையெழுத்து நோட்டையே விரித்து, போன் வெளிச்சத்தில் வாசித்தேன்.

பிழை திருத்துவதில் ஒரு முறை உண்டு. ஒருவர் மூலப் பிரதியைச் சத்தமாக வாசிக்க, மற்றவர் அச்சுத் தாளைப் பார்த்துக்கொண்டே வருவார். அடித்திருக்கும் வார்த்தைகளையும் விடாமல் வாசித்து, ‘அடித்தது’ என்று சொல்ல வேண்டும். இத்தனை வருடப் பழக்கத்தில் நாக்கு அதைச் செய்துவிட்டது. முப்பத்தேழு முடிந்ததும், “அஞ்சலை, அறுபத்து நாலு” என்று வாசித்தேன். ‘அடித்தது’ என்று சொல்லுமுன், முன்வரிசையில் ஒரு குரல் எழுந்தது.

“அஞ்சலையா? அது எங்க? நான் பாக்கவே இல்லியே.”

கன்னியம்மா. அஞ்சலையின் சந்திலேயே இருக்கிறவர், பட்டினப்பாக்கத்தில் மீன் வெட்டிக் கொடுக்கிறவர். மாமியாரைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அவங்க இப்ப அங்க இல்லம்மா. வீடு கிடைச்சுப் போயிட்டாங்க” என்றேன்.

“யாரு சொன்னா?”

“நான் போய்ப் பாத்தேன். வீடு பூட்டியிருந்தது.”

கன்னியம்மா துண்டைக் கீழே வைத்தார். “பூட்டித்தான் இருக்கும். அது பொண்ணு தேவி, வேலைக்குப் போறப்ப வெளிய பூட்டிகினு போவும். அஞ்சலையால எந்திரிச்சு தாப்பா போட முடியுமா? தொறந்து போட்டா நாய் பூந்துடும், குடிகாரன் பூந்துடுவான். எங்க சந்துல பூட்டு தொங்குனா உள்ள ஆளு கீதுன்னு அர்த்தம். இது கூட தெரியாம இன்னா பேப்பர்ல வேல பாத்தியோ.”

“புது வீடு?”

“ஆடியில குடுத்தாங்க, அஞ்சாவது மாடி. லிஃப்ட் ஓடல. ஒத்தக் கால வச்சிகினு ஏறுமா அது? பத்து நாள்ல திரும்பி வந்துடுச்சு.”

மணி பன்னிரண்டு முப்பத்தைந்து. கடல் பொங்கியிருந்ததால் ஆறு முகத்துவாரத்தில் போக இடமில்லாமல் திரும்பிக்கொண்டிருந்தது. கடைசிக் குழு அங்கிருந்து கிளம்பும்போதே அந்தச் சந்தில் முழங்கால் அளவு தண்ணீர் என்று சொல்லியிருந்தார்கள். அது இரண்டு மணி நேரத்துக்கு முன்னால்.

நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

கன்னியம்மா அதற்குள் வாசலுக்குப் போய்விட்டார். அவர் தம்பி ஏழுமலை மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர். மீன் பெட்டிகள் ஏற்றும் அந்த மூன்று சக்கர வண்டி கேட்டருகே நின்றிருந்தது. “ஏழுமல, வண்டிய எட்ரா. அஞ்சல உள்ள மாட்டிகினு கீது” என்றார். நம் சபையின் டேனியலும் கூட ஏறிக்கொண்டார். நானும் ஏறப் போனேன். கன்னியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீ வந்தா உன்னியும் சேத்து தூக்கணும். இங்கியே இருந்து உங்க சாமியாண்ட பேசு.”

ஹாலுக்குள் போய் உட்கார எனக்கு முகமில்லை. தெருமுனை வரை நடந்து, மூடியிருந்த மருந்துக் கடையின் ஷட்டர் ஓரமாக நின்றேன். நோட்டில் தேவியின் எண் இருந்தது. கூப்பிட்டேன். தியாகராய நகரில் ஒரு ஜவுளிக் கடையில் அவளுக்கு வேலை. உடனே எடுத்தாள்.

“மேடம், அம்மாவக் கூட்டிகினு வந்துட்டீங்களா? போன வருசம் நீங்க வந்து கூட்டிகினு போனீங்கல்ல. அந்த தைரியத்துலதான் நான் வேலைக்கு வந்துட்டேன்.”

“ஆள் போயிருக்காங்கம்மா” என்றேன். அது பொய்யில்லை. உண்மையும் இல்லை.

“அவசரத்துல சாவியையும் எடுத்துகினு வந்துட்டேன் மேடம். பூட்ட ஒடச்சிடச் சொல்லுங்க. பரவால்ல.”

போனை வைத்தேன். நான் வைத்திருக்கும் நோட்டை நம்பி ஒரு பெண் தன் அம்மாவைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறாள். அதுவரை என் வாழ்க்கையில் நான் அப்படி ஜெபித்ததில்லை. அழகான வார்த்தை ஒன்றும் வரவில்லை. மழை நிற்க வேண்டும் என்று காலையிலிருந்து ஹாலில் ஜெபித்துக்கொண்டிருந்தோம், மழை நிற்கவில்லை. அதனால் அதைக் கேட்கவில்லை. ஒரே ஒரு வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஆண்டவரே, நான் அடித்த பெயரை நீர் அடித்துவிடாதேயும். எத்தனை முறை சொன்னேன் என்று தெரியாது. நேரம் மட்டும் தெரியும், பழக்கத்தில் குறித்து வைத்திருந்தேன். பன்னிரண்டு ஐம்பதிலிருந்து ஒன்று நாற்பது வரை.

ஒன்று நாற்பதுக்கு மீன்பாடி வண்டி தெருமுனையில் திரும்பியது. மோட்டாரில் தண்ணீர் புகுந்திருந்ததால் ஏழுமலை முன்னால் இழுக்க, டேனியலும் கன்னியம்மாவும் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மேலே ஒரு மீன் பெட்டியில், தலையில் தார்ப்பாய் போர்த்தி அஞ்சலை உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு எவர்சில்வர் தட்டு. அதன் விளிம்பு நசுங்கியிருந்தது.

கன்னியம்மா பக்கத்து வீட்டு அம்மிக்குழவியால் பூட்டை உடைத்திருக்கிறார். உள்ளே கட்டில் மூழ்கியிருந்தது. கட்டில்மேல் தலையணையையும் துணி மூட்டையையும் அடுக்கி அதன்மேல் அஞ்சலை உட்கார்ந்திருந்திருக்கிறார். மூட்டைக்கும் தண்ணீருக்கும் இடையே நாலு விரல்கடை இருந்ததாக டேனியல் சொன்னார். தட்டை அடித்துக்கொண்டே இருந்தாராம். தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தில் அது சந்து முனைக்குக்கூடக் கேட்கவில்லை, கதவருகே போன பிறகுதான் கேட்டது என்றார் டேனியல். உள்ளே ஆள் உண்டு என்று தெரிந்து கதவுவரை போகிறவர்களுக்கு மட்டுமே கேட்கக்கூடிய சத்தம் அது.

அஞ்சலை என்னை அடையாளம் கண்டுகொண்டார். “பேப்பர்காரம்மா தான? போன வருசம் காலீலயே வந்தீங்க. இந்த வருசம் இன்னா, இவ்ளோ லேட்டு?”

அவர் தலையிலிருந்த ஈரத் தார்ப்பாயை எடுத்தேன்.

“தட்டி தட்டி கை போச்சு. டீ கீதா?”

டீ இருந்தது. இரண்டு டம்ளர் குடித்தார்.

பிறகு அவர் சொன்ன ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும், விட்டால் அது நேர்மையாகாது. “மாரியாத்தாவத்தான் கூப்ட்டுகினே இருந்தேன்” என்றார் அஞ்சலை. அவர் யாரைக் கூப்பிட்டார் என்பதை அவர் சொன்னார். நான் யாரைக் கூப்பிட்டேன் என்பதை நான் சொல்கிறேன். கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனது கன்னியம்மா.

நாலரை மணிக்குத் தேவி வந்தாள். பஸ் எதுவும் ஓடவில்லை. தேனாம்பேட்டை, ஆழ்வார்பேட்டை வழியாக, கடையின் சீருடைச் சேலையோடு நடந்தே வந்திருந்தாள். அம்மாவின் காலைத் தடவிப் பார்த்தாள், நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு என் பக்கம் வந்தாள். கன்னியம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

“பேர அடிச்சது யாரு மேடம்?”

“நான்தாம்மா.”

ஆயர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் தலையசைத்து நிறுத்தினேன். தேவி கையை நீட்டினாள். “நோட்டக் குடுங்க” என்றாள். என் பேனாவையும் வாங்கிக்கொண்டாள். சிவப்புக் கோட்டுக்குக் கீழே கொஞ்சம்தான் இடம் இருந்தது. அதில் நெருக்கி எழுதினாள்: ‘அஞ்சலை. பூட்டு இருந்தா உள்ள இருக்கும்.’ நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அம்மாவிடம் போய்விட்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்லும்படி நான் கேட்கவும் இல்லை.

மாலையில் புயல் கடந்தது. நான்கு நாள் ஹாலில் கஞ்சி காய்ச்சினோம். ஐந்தாம் நாளிலிருந்து வீடு வீடாகச் சேறு அள்ளினோம். அஞ்சலையின் வீட்டில் நான் அள்ளினேன். தேவி எனக்கு ஒரு முறத்தைக் கொடுத்தாள்.

சபையாரே, என்னுள் இருக்கும் துணை ஆசிரியர் இன்னும் ஓயவில்லை. மை கரைந்தது மழையால். மின்சாரம் போனது காற்றால். நாக்கு வாசித்தது பழக்கத்தால். ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுத எனக்குத் தெரியும். ஆனால் நோட்டைப் புரட்டியபோது, அன்றைய பக்கத்தின் மேல் என் கையெழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: ‘6.00, ஜெபம், குழுக்கள் புறப்பாடு.’ குடை திரும்பிய நேரத்தில் நான் சொன்ன அந்த ஒற்றை வரி. யாரும் விட்டுப்போகக் கூடாது. பதினோரு மணிக்கு டிக் போட்டுக்கொண்டிருந்தபோது நான் அதை மறந்தே போயிருந்தேன். செவிகொடுத்தவர் மறக்கவில்லை. எனக்குப் பிடிக்காத அந்த ஒரு மணி நேர ஜெபத்தின் நடுவில், என் வாயைக் கொண்டே அந்தப் பெயரை வாசிக்க வைத்தார். இதை வெட்டச் சொன்னால் எந்த இடத்தில் வெட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது தேவி வாசலில் நின்றிருந்தாள். கைக்குட்டையில் முடிந்திருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். புதுப் பூட்டின் மாற்றுச் சாவி.

“அடுத்த தபா அம்மிக்குழவி தேடிகினு இருக்காதீங்க மேடம்” என்றாள். அப்போது லேசாகச் சிரித்தாள்.

அது முதல் சாவி. இப்போது ஆயரின் அங்கிகள் மாட்டும் அறையில், ஒரு பலகையில் பதினொரு சாவிகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு அட்டை, அந்த வீட்டுக்காரர் கையாலேயே எழுதிய பெயர். மூன்று வீடுகள்தான் நம் சபையைச் சேர்ந்தவை. மற்றவர்கள் வேறு தெய்வங்களை வணங்குகிறவர்கள், தங்கள் வீட்டைத் திறக்கும் உரிமையை நம்மிடம் தந்திருக்கிறார்கள். ‘குடிபெயர்ந்தார்’ என்று எழுதுவதற்கு முன் நான் இப்போது அந்த அடுக்குமாடிக்கே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். பெயர் ஜெபத்தில் அடித்த பெயர்களையும் வாசிக்கிறேன். ட்ரம்களை முந்தின நாளே நிரப்பிவிடுகிறோம்.

நன்றி சொல்லத்தான் எழுந்தேன். ஒன்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். உங்களிடமும் ஒரு நோட்டு இருக்கும். போய்விட்டார், இனி இல்லை, கதவு பூட்டியிருக்கிறது என்று நீங்கள் கோடு போட்ட பெயர் ஒன்று அதில் இருக்கும். ஆண்டவர் முன்னால் அதை ஒரு முறை சத்தமாக வாசித்துப் பாருங்கள். நான் நம்பாமல் வாசித்தேன், அதற்கே பதில் வந்தது. நீங்கள் நம்பி வாசியுங்கள்.

மழைக்காலம் நெருங்குகிறது. வருகிற சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆற்றங்கரைக்குக் கிளம்புகிறோம், நடக்க ஆள் போதவில்லை. பேனா என்னிடம் இருக்கிறது. பூட்டிய கதவுகளைத் தட்டுவதற்குக் கை வேண்டும்.