வாளைப் பிடித்த நாலு கைகள்

உண்ணாமலைக்கு எழுத்து தெரியாது. மலேயாவிலிருந்து கப்பலேறித் திரும்பிய கொழுந்தன் அய்யாக்கண்ணு கொண்டுவந்த ஜப்பான் படக்கதைப் புத்தகத்தின் எழுத்து தா.பழூரில் யாருக்குமே தெரியவில்லை. அந்த ஒன்றில் ஊரும் அவளும் சமம்.

நம் புத்தகங்களைத் திறப்பதுபோல் திறந்தாள். மழை சாய்ந்த கோடுகளாகப் பெய்தது. குடுமி வைத்த வாள்வீரன் ஒருவன் காலடியில் ஒருவன் வெட்டுண்டு கிடந்தான். ரத்தம் ஒரே ஒரு கறுப்பு இழுப்பு. அதைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டாள். பக்கம் புரளப் புரள வெட்டுண்டவன் எழுந்தான். வீரன் இளைஞனாகித் தாயிடம் வந்தான். ஒரு வாளை அவர்களுடைய நாலு கைகளும் பிடித்திருந்தன. பிறகு ஓர் அப்பன் செத்துக் கிடந்தான். கடைசிப் படத்தில் அதே அப்பன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சிரித்தான்.

"வாள அம்மாகிட்ட ஒப்படைச்சுட்டான்டா. அதான் சாமி அப்பன திருப்பிக் குடுத்துடுச்சு."

மகன் வேணுகோபாலுக்குச் சோறு போடும்போதெல்லாம் இதைச் சொன்னாள். வாய்க்கால் தகராறில் அவன் அப்பனை வெட்டிய முத்துசாமி பதினொரு வருஷம் கழித்து அந்த மாதம்தான் ஜெயிலிலிருந்து வந்திருந்தான். வேணுகோபால் குனிந்தபடி சாப்பிட்டான்.

ஒருநாள் அய்யாக்கண்ணு அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"என்னங்க அண்ணி, கதைய வாலுலேர்ந்து சொல்றீங்க? அவனுவ புத்தகம் அந்தப் பக்கத்துலேர்ந்துல்ல ஆரம்பிக்கும். அப்பன மொதல்லயே கொன்னுடுறானுவ. பய வளந்து பழி தீக்குறான்."

"அப்ப அந்த வாளு?"

"அம்மாக்காரிதான் எடுத்துக் குடுக்குறா."

உண்ணாமலை அவன் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கி மறுபக்கத்திலிருந்து புரட்டினாள். அதே தாய், குனிந்த அதே கண்கள். வாளைக் கொடுத்த பிறகு ஒரு படத்திலும் அவள் இல்லை. மகன் முகம்தான் பக்கத்துக்குப் பக்கம் காலியாகிக்கொண்டே போயிற்று.

புருஷன் அருவாள் குதிருக்குள் நெல்லுக்கடியில் கிடந்தது. வைத்தவள் அவள்தான். எதற்கு வைத்தோம் என்று ஒருநாளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

அதைக் கிணற்றில் எறிந்துவிடக் குதிரிடம் ஓடினாள். தோள்வரை கைவிட்டு அருவாளை உருவிக்கொண்டு திரும்பினாள். வாசற்படியில் வேணுகோபால்.

"நீ எப்ப எடுத்துத் தருவேன்னுதாம்மா இருந்தேன்" என்று இரண்டு கைகளாலும் பிடியைப் பற்றினான்.

அவளுடைய இரண்டு கைகளும் பிடியிலேயே இருந்தன. நாலு கைகள்.

"உடும்மா."

"உடமாட்டேன்."

அவன் இழுத்தான். படி தாண்டி வாசல்வரை பிடியை விடாமல் அவளும் சேர்ந்து வந்தாள்.