பரவாயில்லை அண்ணனும் விடாக்கண்டன் கேள்விகளும்

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டைத் தாண்டி அது எங்கும் புழங்கியதில்லை. ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவர் பரவாயில்லை அண்ணன். "சாப்பிட்டீங்களா?" என்றால் பரவாயில்லை. "இன்னைக்கு லோடு அதிகமா?" என்றால் பரவாயில்லை. "அண்ணே, செருப்பு வார் அறுந்து தொங்குது" என்றாலும் பரவாயில்லைதான். எதற்கும் அலட்டிக்கொள்ளாத பெரிய மனசு என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். மனசு பெரியதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் விஷயம் அதுவல்ல. மனிதருக்குக் காது கேட்காது.

வலது காது முழுசாகப் போயிருந்தது, இடது பாதி. இருபத்தாறு வருடம் ஒரே சலவை மெஷினின் பக்கத்தில் நின்றால் வேறென்ன ஆகும்? என்ன கேட்டார்கள் என்று தெரியாதபோது, எந்தக் கேள்விக்கும் ஏறக்குறையப் பொருந்துகிற பதில் அது ஒன்றுதான் என்று அவர் கண்டுபிடித்து ஆறு வருடமாகிறது. வெளியே மூச்சு விடவில்லை. சொன்னால் மெஷினை விட்டு எடுத்துவிடுவார்கள் என்ற பயம்.

பயத்தில் நியாயமும் இருந்தது. ஓர் ஆள் உள்ளே போய் நிற்கலாம், அவ்வளவு பெரிய உருளை. சுற்றும்போது ஈரப் போர்வைகள் ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டால் எச்சரிக்கை மணி அடிக்கும். உடனே நிறுத்த வேண்டும். இல்லையென்றால் மெஷின் மொத்தமும் எகிறி ஆடும். சுடுதண்ணீர்க் குழாய் பிய்த்துக்கொண்டாலும் கொள்ளும். மணி கேட்காதவனை யார் அங்கே நிற்க வைப்பார்கள்? அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்று, தரை அதிர்வதை வைத்துச் சமாளித்தார். பாதி நாள் சமாளித்தார் என்று சொல்வதுதான் சரி. போன மாதம் மணி அடித்துக்கொண்டே இருக்க, அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு நிதானமாகச் சோப்புத்தூள் அளந்துகொண்டிருந்தார். கிழிசல் போர்வைகளைத் தைக்கிற தையல்காரம்மா ஓடி வந்து மெஷினை நிறுத்தி, அவரை இழுத்து ஓரமாக விட்டாள். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க ஏதோ சொன்னாள். அண்ணன் என்ன பதில் சொன்னார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கூட வேலை செய்கிற எட்டுப் பேர் மேல் அவருக்கு ஒரு குறை இருந்தது. எந்த நேரத்திலும் யாராவது ஒருவர் அவருடைய மெஷினுக்குப் பக்கத்தில் வந்து சும்மா நிற்பார்கள். இஸ்திரி போடுகிறவன் சுவரில் சாய்ந்திருப்பான். அவன் போனால் மடிப்பு மேஜைப் பெண் வருவாள். வேலைக்கு வந்த இடத்தில் காற்று வாங்குகிற கூட்டம் என்று அண்ணன் மனசுக்குள் திட்டுவார்.

வீட்டில் கதை வேறு. அவர் மனைவி பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு இருந்துவிட்டு, சாயங்காலம் சேர்த்துவைத்துப் பேசுகிற ரகம். அண்ணன் தலையாட்டுவார், நடுவில் பரவாயில்லை போடுவார். வரவர அவளுடைய பேச்சு குறைந்தது. ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் அவள் ஏதோ கேட்டாள். இவர் வழக்கம்போல, "பரவாயில்லை" என்றார். அவள் கையிலிருந்த துணியோடு அப்படியே திரும்பி அவரைப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். நாலு நாள் பேச்சில்லை. என்ன கேட்டாள் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. திருப்பிக் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் அதையும் விழுங்கினார்.

ஆஸ்பத்திரியில் வருடத்துக்கு ஒருமுறை எல்லோரிடமும் கருத்துக் கேட்பார்கள். காகிதத்தில் பேர் போட வேண்டாம் என்பார்கள். அதை நம்பி ஒரு வருடம் தையல்காரம்மா, 'மேஜைக்கு மேல் வெளிச்சம் போதவில்லை' என்று எழுதினாள். அப்போது இருந்த மேலாளர் கையெழுத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்து, "உனக்கு மட்டும்தான் கண்ணு தெரியலையா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா? அடுத்த வருடத்திலிருந்து, "அண்ணே, நீங்க எழுதுறதையே நாங்களும் எழுதிடுறோம்" என்று சலவைக்கூடம் தீர்மானித்துவிட்டது. ஒன்பது காகிதம், ஒன்பது பரவாயில்லை. மேலே இருக்கிறவர்கள், சலவைக்கூடத்தில் ஒரு குறையும் இல்லை என்று எழுதி மூடினார்கள்.

இந்த வருடம் புது மேலாளராக ஒரு மேடம் வந்திருந்தாள். கையடக்கத் திரை ஒன்றைக் கொண்டுவந்து துணி அறையில் வைத்தாள். ஒவ்வொருவராகத் தனியே போய் எழுத வேண்டும்.

"இதுல ஏஐ இருக்கு. நீங்க எழுதுறதைப் படிச்சுட்டு அதுலருந்து அடுத்த கேள்வி கேக்கும். பிடிக்கலைன்னா தவிர்த்துட்டுப் போலாம். பேர் எங்கயும் வராது" என்றாள். அண்ணனுக்கு அதில் பாதி காதில் விழவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தார்.

உங்கள் வேலையிடம் எப்படி இருக்கிறது?

'பரவாயில்லை' என்று எழுதிவிட்டு எழுந்தார். திரையில் இன்னொரு வரி வந்தது.

இன்னும் கொஞ்சம் நன்றாக இருக்க எது மாறலாம்?

'ஒன்றுமில்லை.'

சரி. நேற்றைய வேலையில் கஷ்டமாக இருந்த ஒன்றைச் சொல்ல முடியுமா?

'நேற்று லீவு.'

அதற்கு முந்தைய நாள்?

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவர் கொடாக்கண்டன் என்றால் அது விடாக்கண்டனாக இருந்தது. மறுபடி உட்கார்ந்தார். அவருக்கே தெரியாமல் ஒரு நிம்மதி உள்ளே இறங்கியது. ஆறு வருடத்தில், ஒரு கேள்வி முழுசாக, ஒரு சொல் விடாமல் அவருக்கு வந்து சேருகிறது. உதட்டைப் பார்த்து ஊகிக்க வேண்டியதில்லை. அவசரப்படுத்த ஆளும் இல்லை.

'மெஷின் சத்தம்' என்று எழுதினார்.

சத்தத்தால் உங்களுக்கு என்ன ஆகிறது?

விரல் 'தவிர்க்க' என்ற கட்டத்துக்குப் போனது. அங்கேயே நின்றது. தையல்காரம்மா இழுத்த இழுப்பில் கன்றிப்போன முழங்கையைப் பார்த்தார். அவள் வர இரண்டு நிமிடம் தாமதித்திருந்தால் அவரோடு போயிருக்காது, சுடுதண்ணீர் அந்தப் பக்கம் வந்த யார் மேலும் கொட்டியிருக்கும். ஒரு விரலால், எழுத்தெழுத்தாகத் தேடி எழுதினார். 'வலது காது கேட்காது. இடது பாதி. மணி அடிப்பது தெரியாது. சொன்னால் எடுத்துவிடுவார்கள்.'

சொன்னதற்கு நன்றி. மணி அடிப்பது உங்களுக்குத் தெரிய எது உதவும்?

இதற்கு அவர் யோசிக்கவே இல்லை. ஆறு வருடமாகத் தயாராக வைத்திருந்த பதில், கேட்கத்தான் ஆளில்லாமல் இருந்தது. 'லைட். சிவப்பு. மூணு பக்கமும்.'

அனுப்பிய பிறகுதான் யோசித்தார். பேர் வராதாம்! சலவைக்கூடத்தில் பெரிய மெஷின் ஒன்று, அதற்கு ஆள் ஒருவர். இதைக் கண்டுபிடிக்கத் துப்பறியும் நிபுணரா வேண்டும்? அடுத்த பத்து நாளும் அந்த மெஷினை அவர் துடைத்த துடைப்பு, கட்டிக்கொடுத்து அனுப்பப்போகிற பெண்ணைச் சீராட்டுவதுபோல இருந்தது.

பதினோராவது நாள் மேடம் தன் அறைக்குக் கூப்பிட்டாள். அண்ணன் போய் நின்றதும் எழுந்து, மேஜையைச் சுற்றி வந்து, அவருக்கு இடது பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவருக்குத் திக்கென்றது.

"இடது பக்கம் உக்காந்து பேசுங்கன்னு ஒருத்தர் எழுதியிருக்காங்க" என்று நிதானமாகச் சொல்லி, ஒரு தாளைக் கொடுத்தாள். "நீங்க இதைப் படிக்கணும்னு தோணுச்சு. மத்த எட்டுப் பேரையும் ஒண்ணா வெச்சு, காட்டலாமான்னு கேட்டுட்டேன்."

தாளில் இருந்தது அவர் எழுதியது இல்லை. மற்றவர்கள் எழுதியது. எல்லாரும் பரவாயில்லையில்தான் தொடங்கியிருந்தார்கள். கேள்வி விடாமல் துரத்தியதில் உள்ளே இருந்தது வந்துவிட்டது. 'அண்ணனுக்கு மணி கேக்காது. நாங்க முறை வெச்சு மாத்தி மாத்திப் பக்கத்துல நிக்கிறோம்.' 'டீக்குப் போனாலும் ஒருத்தர் இருப்போம்.' 'எங்களுக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது, தெரிஞ்சா சங்கடப்படுவார்.' 'போன மாசம் நான் டீ எடுக்கப் போயிட்டேன், தப்பு என்னுது.' 'அவரை எடுத்துடாதீங்க. அந்த மெஷின் வேற யார் கைக்கும் அடங்காது.' எட்டுப் பேர், எட்டும் இதுதான்.

காற்று வாங்குகிற கூட்டம்! அண்ணன் தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார், மேடம் பார்த்துவிடக் கூடாதென்று.

"வர்ற வாரம் லைட் போடுறாங்க. எல்லாருக்கும் காது பரிசோதனையும் உண்டு. மெஷின்ல நீங்கதான் இருப்பீங்க" என்றாள் அவள். "லைட்டுன்னு எழுதினது யாருன்னு நான் கேக்கப்போறதில்லை."

"நான்தாங்க" என்றார் அண்ணன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனவர் சட்டையைக்கூட மாற்றவில்லை. மனைவியின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, தன் இடது பக்கத்தில் உட்கார வைத்தார்.

"எனக்குக் காது கேக்கலம்மா. ஆறு வருஷமாச்சு. நீ பேசுறது பாதி விழாது. வேலை போயிடும்னு உங்கிட்டகூடச் சொல்லல."

அவள் அவருடைய இடது காதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கேட்டாள், "அப்போ என் பேச்சு உங்களுக்குச் சலிச்சுப்போகலையா?"

"விழுந்தாத்தானே சலிக்கும்?"

அவள் சிரித்தாள், அழவும் செய்தாள். அண்ணன் கொஞ்சம் தைரியம் கொண்டு, "அன்னைக்கு பால்கனியில துணி போடும்போது ஒண்ணு கேட்டியே, என்ன கேட்டே?" என்றார்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் காதுக்குப் பக்கத்தில் வந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"நான் உங்களுக்கு முன்னாடி போயிட்டா, தனியா இருந்துக்குவீங்களான்னு கேட்டேன்."