ரப்பரோடு வந்து நின்றவள்

ஒன்பதாம் வகுப்பு 'டி' பிரிவுக்கு ஆசிரியர் அறையில் வேறு பெயர். 'குடோன்' என்பார்கள். மற்ற மூன்று பிரிவுகளும் வேண்டாமென்று தள்ளிய பிள்ளைகளை எல்லாம் அங்கேதான் போட்டு வைத்திருந்தார்கள். அந்தக் குடோனுக்குப் பத்தொன்பது வருடமாக ஒரே ஆள்தான் வகுப்பு டீச்சர். கணக்கு டீச்சர். "உங்களுக்குத்தான் இதுங்களை மேய்க்கத் தெரியும்" என்று வருடா வருடம் அவர் தலையிலேயே கட்டிவிடுவார்கள். கேட்டால் அது பாராட்டாம்!

அரையாண்டு விடுமுறைக்கு முந்தின வாரம் வந்தால் மற்ற வகுப்புகளில் ஒரே கும்மாளம். டி பிரிவில் மட்டும் ஜன்னல் உடையும், மண்டை உடையும். "லீவு வருதுன்னா இதுங்களுக்குக் கொழுப்பு ஏறிடுது" என்பார் டிரில் மாஸ்டர். மண்ணாங்கட்டி. லீவு என்றதும் குதிப்பது நல்ல வீடு வாய்த்த பிள்ளை. பத்து நாள் முழுக்க வீட்டிலேயே கிடக்க வேண்டும் என்று நினைத்தாலே பயப்படுகிற பிள்ளை என்ன செய்யும்? மேசையைக் கவிழ்க்கும். இது புரியவே டீச்சருக்கு நாலைந்து வருடம் பிடித்தது. புரிந்த பிறகு சொல்லிப் பார்த்தார், காது கொடுத்துக் கேட்க ஆளில்லை.

பள்ளியில் நடத்தை நோட்டு என்று ஒன்று உண்டு. பிள்ளைகள் செய்கிற சேட்டையை வகுப்பு டீச்சர் தேதி போட்டு அதில் எழுத வேண்டும். ஒரே வாரத்தில் மூன்று முறை ஏறினால் பள்ளியிலிருந்தே பெயரை அடித்துவிடுவார்கள். விடுமுறைக்கு முன் ஹெட்மாஸ்டர் நோட்டுகளை வாங்கிப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவார். எல்லா டீச்சர்களும் பேனாவில் எழுதினார்கள். இவர் மட்டும் பென்சிலில் எழுதினார். எழுதி முடித்து, சம்பந்தப்பட்ட பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டுவார்.

"நல்லாப் பாத்துக்கோ. வெள்ளிக்கிழமை வரைக்கும் வாலைச் சுருட்டிக்கிட்டு இரு. அன்னிக்கு ரப்பர் கொண்டு வந்து நீயே உன் கையால அழி."

வெள்ளிக்கிழமை காலை மணியடித்ததும் முதல் வேலை அதுதான். ரப்பரும் கையுமாக வரிசையில் நிற்பார்கள். மீசை முளைத்த தடியன்கள்கூட நாக்கைக் கடித்துக்கொண்டு தேய்ப்பார்கள். மதியம் நோட்டு ஹெட்மாஸ்டர் அறைக்குப் போகும். பத்தொன்பது வருடத்தில் டி பிரிவிலிருந்து ஒரு பெயர்கூட அடிபடவில்லை. விஷயம் வகுப்பைத் தாண்டி வெளியே போனதுமில்லை.

அந்த வருடம் 'இடி' வந்து சேர்ந்தாள். அவள் கதவைச் சாத்தினால் பக்கத்து வகுப்பில் சாக்பீஸ் உருண்டு விழும், அதனால் அந்தப் பெயர். சித்தப்பா வீட்டில் வளர்ந்தாள். அப்பா அம்மாவைப் பற்றி யாராவது கேட்டால் கேட்டவருக்கு அடி நிச்சயம். கணக்கில் மட்டும் படுகெட்டி. விடையைப் பட்டென்று சொல்லிவிடுவாள், வழியை எழுதச் சொன்னால் முறைப்பாள். அவள் சித்தி ஒருமுறை பள்ளிக்கு வந்து டீச்சரிடம் நேராகவே சொன்னாள்: "இங்கேருந்து அனுப்பிட்டீங்கன்னா எனக்கு நிம்மதி டீச்சர். தெருமுனையில தையல் கம்பெனி இருக்கு. மறுநாளே கொண்டு போய் விட்டுருவேன்." இடி பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

அந்தக் கடைசி வாரம், திங்கட்கிழமை விடைத்தாளைக் கிழித்தெறிந்தாள். செவ்வாய்க்கிழமை அவள் சாத்திய சாத்தில் கதவுக் கண்ணாடி விரிசல் விட்டது. இரண்டும் பென்சிலில் ஏறின. புதன்கிழமை டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிய நேரத்தில் மேசை கவிழ்ந்தது. காலையிலிருந்தே டீச்சருக்குத் தலைவலி.

"என்னடி வேணும் உனக்கு? என் உயிரை வாங்கணும்னே வர்றியா?"

"நீங்க மட்டும் என்னவாம்? சம்பளத்துக்குத்தானே வர்றீங்க. வெள்ளிக்கிழமை பையைத் தூக்கிட்டுப் போனா எங்க நெனப்பு வருமா உங்களுக்கு?"

சுருக்கென்று தைத்தது. மூன்றாவது முறை என்று தெரிந்தேதான் எழுதினார். எப்படியும் அழிக்கத்தானே போகிறோம் என்ற தைரியம் ஒரு பக்கம், கொஞ்சம் பயந்து சாகட்டுமே என்ற ஆத்திரம் ஒரு பக்கம். நோட்டைப் பார்த்ததும் இடியின் முகம் வெளுத்துவிட்டது.

"அழிக்கலாம்ல டீச்சர்?"

"ரெண்டு நாள் வாயைத் திறக்காம இரு. அழிக்கலாம்."

"சத்தியமா?"

"சத்தியமாடி."

வியாழக்கிழமை இடி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொடுத்த கணக்கை வழியோடு எழுதினாள். பதினொரு மணிக்கு ஆபீஸ் கிளார்க் உள்ளே வந்து நடத்தை நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நாளைக்குத்தானே தரணும்?" என்றார் டீச்சர்.

"சர்குலர்ல இருந்ததே. ஹெட்மாஸ்டர் நாளைக்கு ஊருக்குப் போறாரு, அதனால இன்னிக்கே வேணும்னு. நீங்ககூடக் கையெழுத்துப் போட்டீங்களே டீச்சர்."

போட்டுத்தான் இருந்தார். பாடம் நடக்கிற நேரத்தில் வரும் சர்குலரை எந்த டீச்சர் படிக்கிறார்? பெயருக்கு நேராக ஒரு கிறுக்கல், அவ்வளவுதான்.

மதிய மணி அடித்ததும் ஆபீசுக்கு ஓடினார். கிளார்க் எழுந்து நின்றார். "பென்சில்ல எழுதியிருந்தீங்க டீச்சர். அழிஞ்சு போச்சுன்னா நாளைக்கு உங்களைத்தானே கேப்பாங்க? அதான் எல்லாத்துக்கும் மேல நானே பேனாவால எழுதிக் கொடுத்துட்டேன்." உதவி செய்த திருப்தி முகத்தில் வழிந்தது. அந்த மனுஷனை என்னவென்று திட்டுவது?

உள்ளே ஹெட்மாஸ்டர் நோட்டைத் திறந்து வைத்திருந்தார். "மூணு தடவை. நடந்ததா, இல்லையா டீச்சர்?"

'இதையெல்லாம் நாளைக்கு அழிச்சிருப்போம் சார், பத்தொன்பது வருஷமா அழிச்சுக்கிட்டுத்தான் இருக்கோம்' என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் இடி தப்பித்திருப்பாளோ என்னவோ, டீச்சர் மாட்டியிருப்பார். ஓய்வு பெற இன்னும் இரண்டே வருடம். படுக்கையில் கிடக்கும் புருஷன், கல்யாணத்துக்கு நிற்கும் மகள் என்று ஒரு சாக்கும் அவருக்குக் கிடையாது. பயம், அவ்வளவுதான்.

"நடந்தது சார். ஆனா நல்ல பொண்ணு, கணக்கு நல்லா வரும். இந்த ஒரு தடவை..."

"எல்லாருக்கும் ஒரே சட்டம்தானே டீச்சர்" என்றபடி அவர் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் கணவரிடம் சொன்னார். "நீ என்ன பண்ணுவே? உள்ளதைச் சொன்னே. வா, சாப்பிடு" என்றார் அவர். டீச்சர் சாப்பிட்டார். நன்றாகவே சாப்பிட்டார், அதுதான் கேவலம்.

வெள்ளிக்கிழமை நோட்டு மேசைக்குத் திரும்பி வந்திருந்தது. மணியடிக்கும் முன்பே இடி வந்து நின்றாள். புது ரப்பர், உறைகூடப் பிரிக்கவில்லை. பின்னால் இன்னும் நாலு பேர். அவளே நோட்டைப் புரட்டித் தன் பெயரைத் தேடிப் பிடித்துத் தேய்த்தாள்.

"டீச்சர், போக மாட்டேங்குதே."

அழுத்தித் தேய்த்தாள். தாள் கிழிந்தது.

அப்புறம்தான் டீச்சர் சொன்னார். சர்குலர், கிளார்க், பேனா, ஹெட்மாஸ்டர் போட்ட கையெழுத்து, எல்லாவற்றையும் சொன்னார். வகுப்பே மூச்சு விடாமல் கேட்டது. மேசை கவிழும் என்று எதிர்பார்த்தார். கவிழ்ந்திருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும்.

"நாம அழிக்கிறது வழக்கம்னு அவர்கிட்ட நீங்க சொல்லலையா டீச்சர்?"

டீச்சர் குனிந்து நோட்டை மூடினார். அவள் கணக்கில் கெட்டிக்காரி, விடை கிடைத்துவிட்டது.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா ரெண்டு நாள் வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்க மாட்டேன்ல" என்றாள். ரப்பரை மேசைமேல் வைத்தாள், பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கதவைச் சாத்துகிற சத்தமே கேட்கவில்லை.

பள்ளி திறந்தபோது அவள் தையல் கம்பெனியில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். டீச்சர் ஒருநாள் அந்தத் தெருமுனைவரை போனார், உள்ளே நுழையத் தைரியம் வராமல் திரும்பி வந்தார்.

பென்சிலை மட்டும் அவர் விடவில்லை. முழு ஆண்டு விடுமுறைக்கு முந்தின வாரம் ஏழு பேரின் பெயர் ஏறியது. இந்த முறை சர்குலரை இரண்டு தடவை படித்து, தேதியைக் கிளார்க்கிடமும் கேட்டு வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை மணியடித்ததும் நோட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். ஒருவரும் எழுந்து வரவில்லை.

"ரப்பர் எங்கடா?"

"மறந்துட்டோம் டீச்சர்."

ஏழு பேருமா மறப்பார்கள்? இழுப்பறையில் இடி விட்டுப்போன ரப்பர் கிடந்தது. அதை எடுத்து, ஏழு பெயரையும் டீச்சரே அழித்தார். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.